மொறிஸ் மைனரைக் கைவிடாமல் ஓட்ட: ஜக்கில் ஏற்றிப் பார்த்த வேலைக் குறிப்பு

இலங்கையில் ஒரே குடும்பத்தில் ஐம்பது, அறுபது வருடமாக நிற்கும் மொறிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடுகின்றன. பாசத்தில் வைத்திருக்கிறார்கள் என்று வெளியார் நினைப்பார்கள். பாசம் இருக்கலாம், ஆனால் பாசத்தால் கார் ஓடாது. 1977க்கு முன்பு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டில் புதுக்கார் எடுப்பது பெரும்பாலானோருக்கு முடியாத காரியம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்குக்குப் பெற்றோலே ஒழுங்காக வரவில்லை, உதிரிப்பாகம் எங்கே வரும்? 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஒவ்வொரு முறையும் கையிலுள்ள காரைத்தான் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. எந்தக் கார் அதற்கு இடம் கொடுக்கும் என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது.

மைனரில் தேயும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தேய்ந்தால் ஒன்றில் இறுக்கிச் சரிசெய்யலாம், இல்லையேல் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். விற்றுத் தள்ளியவர்களில் அதிகம் பேர் இயந்திரம் போய் விற்கவில்லை. முன் சில்லையும் பிறேக்கையும் கறளையும் பார்க்காமல் விட்டு, எல்லாச் செலவும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றதால்தான் விற்றார்கள்.

கீழே இருப்பது 1098 சிசி இயந்திரம் போட்ட நாலு கதவுக் கார் ஒன்றில் செய்த வேலை. 948 சிசி காருக்கும் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். தொடங்குமுன் ஒரு விஷயம்: இந்தக் காரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. 1/2 அங்குலத் தலையில் 13 மில்லிமீற்றர் ஸ்பனர் ஓரளவு பொருந்தும். 9/16க்கு 14 ஏறாது, 15 வழுக்கும். மில்லிமீற்றர் ஸ்பனரால் மழுங்கிய நட்டுகளைக் கழற்றவே பாதி நேரம் போகும். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பனர் மூன்றும் நல்லதாக வாங்கி வைத்துக்கொள்வது இந்தக் காருக்குச் செய்யும் முதல் செலவாக இருக்கட்டும்.

முன் சில்லு

மைனரை ஜக்கில் ஏற்றியதும் இயந்திரத்துக்குப் போகக்கூடாது. முதலில் முன் சில்லுக்குப் போகவேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடிய பழுது அங்கேதான் இருக்கிறது.

முன் சில்லு திரும்புவதற்கு அச்சாக நிமிர்ந்து நிற்கும் கிங் பின்னின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியில் ஏறியிருக்கும் கட்டைதான் ட்றனியன். ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது கிங் பின் இந்தக் கட்டைக்குள் புரியோடு சேர்ந்து திரும்புகிறது. ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, சில்லைத் தாங்கும் கீழ்க் கையில் பூட்டியிருப்பதால் முன்பாரம் கீழ்க் கட்டையின் புரியில்தான் விழுகிறது. கிறீஸ் காய்ந்தால் புரி அரைபடும். அரைபட்டு முடிந்தால் கிங் பின் கட்டையைவிட்டு மேலே கழன்று வரும், சில்லு மடிந்து காரின் மூக்கு தார் ரோட்டில் இறங்கும். ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது இது அதிகம் நடக்கிறது. அறுபது மைல் வேகத்தில் நடக்காது என்றும் சொல்லமுடியாது.

பார்க்கும் முறை: ஜக்கைக் குறுக்குச் சட்டத்தின் கீழ் கொடுத்துச் சில்லைத் தொங்கவிடவேண்டும். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் அது பெயாரிங்கின் ஆட்டம், இறுக்கலாம். பிறேக் மிதித்தும் ஆடினால் கிங் பின் அல்லது கட்டை. பிறகு ரயரின் கீழ் ஒரு அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்பி, கீழ்க் கட்டையையே பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேல் கீழாக அசைந்தால் காரை ரோட்டில் விடக்கூடாது.

இந்தக் காரில் இடப்பக்கக் கீழ்க் கட்டை அசைந்தது. கழற்றித் துடைத்துப் பார்த்ததில் பின்னின் புரித்தலைகள் கத்தி விளிம்பாகக் கூர்ந்திருந்தன. நல்ல புரியின் தலை தட்டையாக இருக்கும். கிறீஸ் அடிக்கும் நிப்பிள் அடைபட்டுக் கிடந்தது. கிறீஸ் கன்னை அடித்தவர் வெளியே வழிந்ததைப் பார்த்து உள்ளே போய்விட்டதாக நினைத்திருக்கவேண்டும். இதுதான் வழக்கமாக நடப்பது.

மாற்றும்போது பின்னையும் கட்டைகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். தேய்ந்த பின்னில் புதுக் கட்டை போட்டால் புதியதும் விரைவில் போகும். இடப்பக்கத்துப் புரியும் வலப்பக்கத்துப் புரியும் எதிரெதிர்த் திசையில் வெட்டியவை, ஆகவே வாங்கும்போதே பக்கத்தைச் சொல்லவேண்டும். கழற்றுமுன் கீழ்க் கையை இன்னொரு ஜக்கில் தாங்கவேண்டும். முறுக்குக் கம்பியில் பாரம் ஏறியிருக்கிறது, விட்டால் அந்தக் கை கீழே அடிக்கும் வேகத்தில் விரல் போய்விடும். பிறேக் றப்பர்க் குழாயில் ட்றம்மைத் தொங்கவிடக்கூடாது, கம்பியால் கட்டி வையுங்கள். றப்பர்ப் புஷ் உள்ள நட்டுகளைக் கார் நிலத்தில் நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் கார் இறங்கியதும் றப்பர் முறுகி, சில மாதத்தில் கிழியும்.

பூட்டிய பிறகு வேலை சுலபம். ஒவ்வொரு பக்கமும் இரண்டாக நாலு நிப்பிள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில்லைத் தூக்கி, பழைய கறுப்பு முழுக்க வெளியேறிப் புதுக் கிறீஸ் நிறம் தெரியும்வரை அடிக்கவேண்டும். பாரம் இல்லாதபோதுதான் கிறீஸ் புரியின் தேயும் முகத்துக்குப் போகும். ஏற மறுத்தால் நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். மலிவான சாமான்.

முன் ஷொக் அப்சோபரின் கையே இந்தக் காரில் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. ஒயில் குறைந்தால் கார் துள்ளும், அது பரவாயில்லை. அதன் அச்சில் ஆட்டம் வந்தால் சில்லின் சாய்வே மாறும். ரயரின் உட்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் தேய்ந்தால் அலைன்மென்றுக்கு ஓடுமுன் இதைப் பாருங்கள்.

பிறேக்

நாலு சில்லுக்கும் ஒரே குழாய்ப் பாதை. ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போகும், ஹான்ட் பிறேக் மட்டுமே மிஞ்சும். ஆகவே சில்லிலுள்ள பிறேக் சிலிண்டர் ஒன்று ஈரமாக இருந்தாலே மாற்றவேண்டும், "இன்னும் கொஞ்சநாள் போகும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பெடலின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பாயைத் தூக்கி மூடியைத் திறந்துதான் பிறேக் ஒயில் விடவேண்டும். திறக்குமுன் சுற்றியுள்ள மணலை நன்றாகத் துடைத்து எடுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் றப்பர் வாஷர் கீறும், பெடல் மெதுவாகக் கீழே போகத் தொடங்கும். கழற்றவேண்டி வந்தால் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும், அதைத் தளர்த்தி நகர்த்தாமல் சிலிண்டர் வராது. இதனாலேயே பலர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். முன் கிங் பின் வேலைக்காகக் கம்பியைத் தளர்த்தும் அன்றே மாஸ்ரர் சிலிண்டரையும் இறக்கிப் பார்த்துவிடுவது புத்தி. இந்தக் காரில் அப்படித்தான் செய்தது. உள்ளே சுவரில் கறள் குழிகள் இருந்தன, மண்தாளால் தேய்த்து எடுக்கமுடியாத ஆழம். முழு சிலிண்டரும் மாற்றப்பட்டது.

கறள் குழி வருவது பிறேக் ஒயிலால். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றுள்ள இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றவேண்டும். டொட் 3 அல்லது டொட் 4 மட்டும். இயந்திர ஒயிலோ வேறு எதுவோ ஒரு கரண்டி கலந்தாலும் எல்லா றப்பரும் ஊதிப்போகும், பிறகு மொத்தத் தொகுதியையும் பிரிக்கவேண்டி வரும். பிறேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது நீளமான குழாயில் தொடங்குங்கள்: இடப் பின், வலப் பின், இட முன், வல முன்.

ஷூ இறுக்கும் திருகு ட்றம்மின் துளை வழியாகத் தெரியும். முன்னால் ஒரு சில்லுக்கு இரண்டு திருகு, பின்னால் ஒன்று. ட்றம் பிடிக்கும்வரை இறுக்கி, சுதந்திரமாகச் சுழலும்வரை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தவேண்டும். முன் சில்லில் ஒரு திருகை மட்டும் இறுக்கிவிட்டு விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கார் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இயந்திரம்

நல்லது என்னவென்றால், இதே ஏ-வரிசை இயந்திரம்தான் மினியிலும் இன்னும் பல கார்களிலும் போனது. கஸ்கற் முதல் பிஸ்ரன் வரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். இந்தக் காரை இத்தனை வருடம் வைத்திருக்க முடிவதற்குப் பாதிக் காரணம் அதுவே.

ஒயில் 20டபிள்யு-50, பில்ரரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லீற்றர். புதுக் கார்களுக்கான மெல்லிய ஒயில் இந்த இடைவெளிகளில் அழுத்தம் பிடிக்காது. கியர்பொக்ஸுக்கு ஏறக்குறைய 1.3 லீற்றர், அதே இயந்திர ஒயில். இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் பழக்கதோஷத்தில் கியர் ஒயில் 90 விட்டுவிடுவார். அதிலுள்ள இரசாயனம் உள்ளேயிருக்கும் வெண்கலப் பாகங்களுக்கு ஆகாது, கியரும் கடினமாக விழும். 90 போகவேண்டியது பின் அச்சுக்கு, 0.85 லீற்றர் அளவில்.

டியூனிங்கில் வரிசை முக்கியம்: சிலிண்டர் மூடி நட்டு, ரப்பெற், பொயின்ற், ரைமிங், கடைசியில் காபரேற்றர். தலைகீழாகப் போனால் ஒவ்வொன்றும் முன்னதைக் குழப்பும். குளிர்ந்த இயந்திரத்தில் மூடி நட்டுகளை நடுவிலிருந்து வெளியே 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கி, பிறகு ரப்பெற் இடைவெளி 12 தௌ (தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று), அதாவது 0.30 மில்லிமீற்றர். பிளக்குகளைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைக் கையால் சுற்றுங்கள். எட்டு வால்வையும் முன்னாலிருந்து எண்ணி, ஒன்பது வரும் சோடி பார்த்தால் போதும். எட்டாவது முழுக்க அமுங்கி நிற்கும்போது முதலாவதை வையுங்கள், ஆறாவது அமுங்கும்போது மூன்றாவதை. 1, 4, 5, 8 எக்ஸோஸ்ற் வால்வுகள்.

இடைவெளி ஒவ்வொரு சேர்விசிலும் குறைந்துகொண்டே வந்தால் கவனியுங்கள். ரப்பெற் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். குறைவது எக்ஸோஸ்ற் வால்வு, சிலிண்டர் மூடியிலுள்ள தன் இருக்கைக்குள் புதைவதற்கு அடையாளம். ஈயம் கலந்த பெற்றோல் இருந்தபோது அந்த ஈயம் இருக்கையைப் பாதுகாத்தது. இலங்கையில் அது 2002இல் நின்றுவிட்டது. மூடியைக் கழற்றும் நாள் வரும்போது லேத்தில் கொடுத்துக் கடின உருக்கு வளையம் நாலு எக்ஸோஸ்றுக்கும் போட்டால் அந்தத் தொல்லை முடிந்தது. அதுவரை நெடுந்தூரம் வேகமாக ஓட்டாமல் இருந்தால் போதும், ஊருக்குள் ஓடும் காருக்கு அவசரமில்லை.

பொயின்ற் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ. சூடேறிய பிறகு மட்டும் இருமி நின்று, ஆறியதும் ஸ்ராற் ஆகும் காரில் பெற்றோலைச் சந்தேகிக்குமுன் கொண்டென்சரை மாற்றிப் பாருங்கள். இப்போது வரும் மலிவான றோற்றர் கையில் நடு ரிவெற் வழியாகக் கரண்ட் கசியும், ரிவெற் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

எஸ்யு காபரேற்றரின் அழகு, கலவையைக் காதாலேயே சரிபார்க்கலாம் என்பது. இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு, அடியிலுள்ள ஆறுமுக நட்டை மேலே முழுக்கத் திருகி, பன்னிரண்டு முகம் கீழே இறக்கித் தொடங்குங்கள். பிஸ்ரனை 1/32 அங்குலம் மட்டும் மெல்ல உயர்த்தவேண்டும். சத்தம் ஒரு கணம் சிறிது கூடி மீண்டும் இறங்கினால் சரி. கூடியபடி நின்றால் பெற்றோல் அதிகம், நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். இயந்திரம் விழுந்தால் பெற்றோல் போதாது, ஒரு முகம் கீழே. காபரேற்றரின் மேலுள்ள ஒயில் கிண்ணமான டாஷ்பொட்டில் ஒயில் இல்லாவிட்டால் அக்சிலறேற்றரை மிதித்ததும் கார் தடுமாறும். இதற்காகக் காபரேற்றரைப் பிரித்தவர்கள் உண்டு. ஒரு தேக்கரண்டி ஒயில் போதும்.

பெற்றோல் பம்ப் டிக்டிக் என்று அடித்து நின்றுவிட வேண்டும். இயந்திரம் ஓடாதபோதும் விடாமல் அடித்தால் ஒன்றில் ராங்கிலிருந்து வரும் குழாயில் காற்று உள்ளே போகிறது, இல்லை காபரேற்றர் ஊசி வால்வு மூடவில்லை. அடிக்காமல் நின்று, ஸ்பனர்ப் பிடியால் தட்டியதும் அடித்தால் உள்ளே பொயின்ற் எரிந்துவிட்டது. தட்டினால் வீடு வந்துசேரலாம். வந்ததும் மாற்றவேண்டும்.

தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராற் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அன்று நோயாளியைக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஒயில் நீர்த்துப்போகும், பெயாரிங்கும் சிலிண்டரும் சேர்ந்து தேயும். அந்த இயந்திரம் பிறகு பிரிக்கப்படாமல் இருந்தால் கொம்பிறெஷன் பார்த்தே முடிவெடுக்கவேண்டும். நாலு சிலிண்டரிலும் அளந்து, குறைந்ததில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். ஏறினால் ரிங்கும் சிலிண்டரும். ஏறாவிட்டால் வால்வு.

தண்ணீர்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்திலில் படியும் அதே வெள்ளைப் படிவம் றேடியேற்றர்க் குழாய்களிலும் படியும். ஓடி நிறுத்திய சூட்டில் றேடியேற்றர் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள், குளிர்ந்த இடம் அடைபட்ட இடம். மழைத்தண்ணீரை வடித்து வைத்தோ, பற்றரித் தண்ணீர் வாங்கியோ, கறள் தடுக்கும் கூலன்ற் கலந்து விடுங்கள். ஐந்து லீற்றரளவுதான் பிடிக்கும். தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது திருத்தம் அல்ல, அடைப்பை மறைப்பது.

தண்ணீர்ப் பம்புக்கும் சிலிண்டர் மூடிக்கும் இடையில் பெருவிரல் நீளத்தில் ஒரு றப்பர்க் குழாய் இருக்கிறது. கண்ணில் படாத இடம், வெடித்தால் நடுரோட்டில் மாற்றமுடியாது. பம்பையோ மூடியையோ கழற்றும் எந்த வேலையிலும் அதையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

கரண்ட்

இரண்டே விஷயம். முதலாவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் காரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். தெரியாமல் மாறிக் கொடுத்தால் பிற்காலத்தில் போட்ட றேடியோ அன்றே எரியும், டைனமோவும் சார்ஜ் செய்யாது. இரண்டாவது, ஸ்ராற் செய்யும்போது சோக் கேபிள் சூடானால் அது சோக்கின் பிழை அல்ல. இயந்திரத்துக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள ஏர்த் பட்டி அறுந்திருக்கிறது, கரண்ட் கேபிள் வழியாகத் திரும்புகிறது. டைனமோவின் பின் முனைத் துளையில் சேர்விசுக்கு இரண்டு மூன்று துளி ஒயில் விட மறக்காதீர்கள்.

கறள்

இந்தக் காருக்குத் தனிச் சசி இல்லை, உடம்பே சட்டம். ஆகவே கறள் அழகுப் பிரச்சினை அல்ல. பார்க்கவேண்டிய இடங்கள்: பின் வில்லுத்தகடு தொங்கும் இடம், நடுக் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜக் கொடுக்கும் துளைகள், கதவடிச் சட்டத்தின் உட்பக்கம், ஓட்டுநர் பாயின் அடி. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீரென்னும், செத்த தகடு மொத்தென்னும். சந்தேகமான இடத்தில் ஸ்குறூ டிறைவரை அழுத்துங்கள். பெயின்றும் தாரும் அடித்து மூடியிருந்தால் அங்கே இரட்டைச் சந்தேகம். இந்தக் காரில் வலப்பக்க வில்லுத்தகட்டு இடத்தில் தாருக்குக் கீழே பழைய ஒட்டுத்தகடு, அதற்கும் கீழே தூள்.

ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போடுவது இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரத்தைச் சிறைவைப்பது. பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்கவேண்டும். சட்டப்பகுதிக்கு 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீற்றர்த் தகடு. புள்ளி புள்ளியாக ஒட்டிப் பூசி மறைக்காமல், விளிம்பு முழுக்கத் தொடர்ந்து வெல்டிங் செய்யவேண்டும். கதவடிச் சட்டத்தை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக ஒட்டிவிடுங்கள். விட்டால் உடம்பு நடுவில் தொய்யும், பிறகு எந்தக் கதவும் பூட்டாது, அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றி, பெற்றோல் ராங்கையும் இறக்கிவிடவேண்டும்.

முடிந்ததும் பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுக் கரைசல் அடியுங்கள். பழைய இயந்திர ஒயிலை அடியில் விசிறும் வழக்கம் தகட்டுக்கு உதவினாலும் றப்பர்ப் புஷ்களையும் பிறேக் குழாயையும் ஊதவைக்கும். கதவடியிலும் கதவுகளின் கீழ் விளிம்பிலும் உள்ள வடிதுளைகளை ஐப்பசி மழைக்கு முன் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

இரு பக்கச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேர்ந்து போயிருந்தால் அந்த உடம்பில் பணம் போடவேண்டாம். இயந்திரம், கியர்பொக்ஸ், அச்சு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு உடம்பு நல்ல இன்னொன்றைத் தேடுவதே மேல். அப்படி மாற்றும்போது இயந்திர இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் மாற்றிக்கொண்ட பிறகே ரோட்டில் இறக்குங்கள்.